இரண்டு மணிக்கு முன் பெல் அடிக்க வேண்டாம்

வெள்ளிக்கிழமை காலை கொரீன் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல ஆளும் இல்லை. கணவன் கர்ட், அவன் அண்ணன் ஜெரோம், மகள் டெல்லா மூவரும் விடியும் முன்பே மௌமி ஆற்றுக்குப் போயிருந்தார்கள். மார்ச் கடைசியில் ஏரி மீன் ஆற்றில் ஏறும். அந்த நாட்களில் எங்கள் டொலீடோ ஆண்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. மார்பு வரை ரப்பர் கால்சட்டை மாட்டிக்கொண்டு, பல் கிட்டும் தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்பார்கள். கேட்டால் லீவு என்பார்கள்.

இது மூன்றாவது நாள். மறுநாள் காலை விமானம்.

புதன்கிழமை அவர்கள் டூசானிலிருந்து வந்து இறங்கியதையும், வியாழக்கிழமை மூன்று வீடு பார்த்து மூன்றிலும் கொரீன் நிலவறைக்குள் இறங்கி மோந்து பார்த்து மூக்கைச் சுளித்ததையும் போன வாரம் படித்திருப்பீர்கள். படிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும். கர்ட் கஸ்மாரெக் இந்த ஊர்ப் பிள்ளை. இருபது வருடம் அரிசோனாவில், அந்த டூசான் வெயிலில் காய்ந்தவனுக்கு இங்கே ஒரு கண்ணாடி ஆலையில் என்ஜினியர் வேலை வந்திருக்கிறது. மனைவியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். மூன்று நாள் வந்து ஊரைப் பார், பிடிக்காவிட்டால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல், அத்தோடு பேச்சை விட்டுவிடுகிறேன் என்று.

கொரீனுக்கும் ஒன்று காத்திருந்தது. டூசானில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினொரு வருடமாக நைட் ஷிப்ட் பார்க்கிற நர்ஸ் அவள். பகலெல்லாம் கறுப்புத் திரைச்சீலை போட்ட அறையில் தூங்குவாள். மகளின் பள்ளி நாடகம், மகளின் பல் வைத்தியம், மகளின் முதல் சைக்கிள் எல்லாம் அவள் தூக்கத்தில் நடந்தன. இப்போது பகல் ஷிப்டின் தலைமை நர்ஸ் பதவி அவளைத் தேடி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கடிகாரத்தில் அது எட்டு மணி.

ஆக, இன்று எட்டு மணிக்குள் அவள் இந்த ஊரைத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

அவள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். கண்ணில் பட்டவரிடமெல்லாம் ஒரே கேள்வி.

"இந்த ஊர்ல எதுங்க ரொம்ப மோசம்?"

மளிகைக் கடையில் பில் போடுகிற பெண் யோசித்தாள். முட்டை அட்டையைத் திறந்து ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பார்த்தபடி யோசித்தாள். "மோசம்னு சொல்ல முடியாது. குளிர் கொஞ்சம் இருக்கும்."

"கொஞ்சம்னா?"

"பழகிடும்."

நாயை நடத்திக்கொண்டு போன பெரியவர், "ரோடு குண்டும் குழியுமா இருக்கும். ஆனா எங்க ரோடு தேவலாம்" என்றார். எந்த ஊர் ரோட்டை விடத் தேவலாம் என்று சொல்லவில்லை. துணி துவைக்கும் கடையில் ஒருத்தி, கோடையில் ஏரித் தண்ணீர் பச்சையாகிவிடும் என்று ஆரம்பித்தவள், கொரீன் முகத்தைப் பார்த்ததும், "ஆனா மீன் நல்லா இருக்கும்" என்று முடித்துவிட்டாள்.

கொரீனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் நாக்கு அறுந்து விழுந்துவிடுமா இவர்களுக்கு?

இது எங்கள் ஊர் வியாதி. நானும் இந்த ஊர்க்காரிதான், ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை இரண்டு முறை கழுவுவோம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டோம். 'வித்தியாசமா இருக்கு' என்போம். வீடு எரிந்துகொண்டிருந்தாலும் 'கொஞ்சம் கதகதப்பா இருக்கு' என்று சொல்கிற கூட்டம். கர்ட் அந்தக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதைக் கொரீன் பதினேழு வருடக் கல்யாணத்தில் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அவன் சண்டை போடாதவன் என்று நினைத்திருந்தாள்.

பதினொரு மணிக்கு அவள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். நோயாளியைப் பார்க்க அல்ல. கேன்டீனில் ஒரு காபி வாங்கிக்கொண்டு, ஷிப்ட் முடித்த நர்ஸ்கள் உட்காரும் மேஜையாகப் பார்த்து உட்கார்ந்தாள். எந்த ஆஸ்பத்திரியிலும் அந்த மேஜை எதுவென்று நர்ஸுக்குத் தெரியும். அங்கேதான் செருப்பைக் கழற்றிவிட்டு இருப்பார்கள்.

எதிரே இருந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கும். கொரீன் தன்னைப் பற்றிச் சொல்லி, "இங்க வந்தா பகல் ஷிப்ட் கிடைக்குமா?" என்று நேராகக் கேட்டாள்.

அந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "நான் ஆறு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். வெளியூர்லருந்து வந்தா நைட்தான் கண்ணு. அதுல ஒளிவு மறைவே இல்ல. எத்தன வருஷம்னு என்னைக் கேக்காத."

மூன்று நாளில் கிடைத்த முதல் உண்மையான பதில் அது. மனதுக்கு வலித்தாலும் கொரீனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அங்கேயே முடிவு எடுத்திருக்க வேண்டியவள்தான். எடுக்கவில்லை. காரணம், போனில் வந்த ஒரு படம். ஜெரோம் அனுப்பியிருந்தான். பெரியப்பாவின் ரப்பர் கால்சட்டைக்குள் பாதி காணாமல் போன டெல்லா, இடுப்பளவு ஆற்றில் நின்று, முழங்கை நீள மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். பதினைந்து வயதுப் பெண். வீட்டில் கடைசியாகப் போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய கிறிஸ்துமஸில் சிரித்தவள். அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டவள்.

கொரீன் காரை ஆற்றங்கரையில் நிறுத்தி அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தாள். வானம் சாம்பல் நிறத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. ரயில் பாலத்தின் மேல் ஒரு சரக்கு வண்டி முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஐந்து வருடம் நைட் ஷிப்ட் பார்த்தால் செத்தா போய்விடுவேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். டெல்லா இங்கே சிரிக்கிறாள். கர்ட்டுக்கு ஊர் ஆசை. பெரிய பதவி இன்னொரு முறை வராமலா போய்விடும். வராமல் போகலாம் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனது இறங்கிக்கொண்டே வந்தது. மாலை நாலு மணிக்கு, யாரும் கேட்காமலேயே, அவள் கிட்டத்தட்ட 'சரி' என்கிற இடத்துக்கு வந்துவிட்டிருந்தாள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கர்ட்டுக்கு இது தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலின் கீழ்த்தளக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. ஊரே வரும். கத்தோலிக்கர், கத்தோலிக்கர் அல்லாதவர், கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். வறுத்த மீன், உருளைக்கிழங்கு அடைத்த பியெரோகிக் கொழுக்கட்டை, கோஸ் சாலட், வீட்டில் சுட்ட ஆப்பிள் பை. கஸ்மாரெக் குடும்பம் ஐந்தரைக்கு அங்கே சந்திப்பதாகப் பேச்சு.

கொரீன் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள். கோட்டைக் கழற்றி மாட்டப் போன இடத்தில், கோட்டு மாட்டும் கம்பிக்குப் பக்கத்துச் சுவரில் அறிவிப்புப் பலகை இருந்தது. பிங்கோ தேதி, ரத்ததான முகாம், காணாமல் போன பூனை. அவற்றுக்கு நடுவே புதிதாக ஒரு மஞ்சள் காகிதம்.

'கஸ்மாரெக் குடும்பத்துக்கு நல்வரவு. ஜூன் 9 முதல் இரண்டு வாரம். சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் பெயர் எழுதவும்.'

கீழே கட்டம் போட்டு நாள்வாரியாகப் பெயர்கள். திங்கள், கோழியும் நூடுல்ஸும். செவ்வாய், கோஸ் உருண்டை. புதன், பன்றி இறைச்சி வறுவல். பதினான்கு கட்டத்தில் பதினொன்று நிரம்பியிருந்தது. ஒரு கட்டத்தில் 'உருளைக்கிழங்கு கேசரோல்' என்று எழுதி அடித்து, பக்கத்தில் வேறு கையெழுத்தில் 'ஏற்கெனவே இரண்டு பேர்' என்று இருந்தது.

கொரீன் முதலில் நினைத்தது, வேறு யாரோ கஸ்மாரெக் என்று. இந்த ஊரில் அந்தப் பெயர் தெருவுக்கு ஒன்று உண்டு. பிறகு அடியில் இருந்த குறிப்பைப் படித்தாள்.

'மூன்று பேர். பெண்ணுக்கு வால்நட் ஆகாது. அம்மா நைட் ஷிப்ட் நர்ஸ், பகலில் தூங்குவார். இரண்டு மணிக்கு முன் பெல் அடிக்க வேண்டாம்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கோட்டு இன்னும் கையிலேயே இருந்தது.

"பாத்துட்டியா கண்ணு?" பின்னாலிருந்து ஒரு குரல். ஏப்ரன் கட்டிய எழுபது வயது அம்மாள், கையில் எண்ணெய் துடைக்கும் துணி. "நீதான் கொரீன். ஜெரோம் போட்டோ காட்டினான். நான் பெர்னடெட், எல்லாருக்கும் பெர்னி. இது முன்கூட்டியே போடலைன்னா வம்பு. போன வருஷம் ஒரு குடும்பம் வந்துச்சு, பாவம், ஒன்பது நாளும் அதே உருளைக்கிழங்கு. அதான் இந்தத் தடவ மார்ச்சுலயே ஒட்டிட்டேன்."

"எப்ப ஒட்டினீங்க?"

"போன ஞாயித்துக்கிழம. பூசை முடிஞ்ச கையோட."

போன ஞாயிற்றுக்கிழமை கொரீன் டூசானில் பெட்டிக்குள் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊரைப் பார்க்கப் போவதற்காக.

"இந்த விவரமெல்லாம் யார் சொன்னது? வால்நட், பெல், எல்லாம்?"

"கர்ட்தான். போன்ல பேசினேன். என்ன கண்ணு, ஏதாவது தப்பா எழுதிட்டேனா? ரெண்டு மணி சரிதானே? மூணுன்னு மாத்தணுமா?"

பெர்னியின் முகத்தில் இருந்தது அக்கறை மட்டும்தான். இந்த அம்மாளிடம் கோபப்படக்கூட வழியில்லை. முன்பின் தெரியாத பதினொரு பேர் தன் தூக்கத்தைக் காப்பாற்றத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தத் தூக்கத்தை விட்டொழிக்கத்தான் அவள் பதினொரு வருடம் காத்திருந்தாள்.

கதவு திறந்தது. கர்ட் குளிர்க்காற்றோடு உள்ளே வந்தான். மூக்கு சிவந்து, தலைமுடி கலைந்து, பத்து வயது குறைந்தவனாக. பின்னால் ஜெரோம், அவனுக்குப் பின்னால் டெல்லா.

"கொரீன், இவ பிடிச்ச மீனைப் பாத்தியா? முதல் நாளே. சில பேர் பத்து வருஷம்..." அவன் பார்வை அவள் முகத்திலிருந்து மஞ்சள் காகிதத்துக்குப் போனது. பேச்சு நின்றது.

"மீனைப் பாத்தேன்" என்றாள் கொரீன். "இதையும் பாத்தேன்."

"வா, உக்காந்து பேசலாம்."

"நின்னுக்கிட்டே பேசறேன். வேலைக்கு வரேன்னு எப்ப சொன்ன?"

"கொரீன், எல்லாரும்..."

"எப்ப சொன்ன?"

அவள் குரல் ஒன்றும் அதிகம் உயரவில்லை. ஆனாலும் கூடத்தில் முள்கரண்டிச் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் தட்டையே பார்த்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிற ஒருத்தி வாளியோடு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், "இன்னும் கொஞ்சம் கோஸ் சாலட்?" என்று கர்ட்டைக் கேட்டாள். அவன் கையில் தட்டே இல்லை.

"ரெண்டு வாரம் ஆச்சு" என்றான் கர்ட்.

"ரெண்டு வாரம். அப்ப இந்த மூணு நாள் என்ன? நேத்து மூணு வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போய் நிலவறையெல்லாம் இறக்கினியே, அது என்ன? பொம்மலாட்டமா?"

"நீ வந்து பாத்தா உனக்கே பிடிச்சிடும்னு நெனச்சேன். பிடிச்சிட்டா அப்புறம் இந்தப் பேச்சே வராதுல்ல."

"பிடிக்கலைன்னா?"

அவன் ஜெரோமைப் பார்த்தான்.

பதில் சொன்னது பெர்னி. அவள் கையிலிருந்த துணியை மடித்து மேஜையில் வைத்தாள். "கர்ட், சின்னப் பையனா இருந்த உன்னைக் கோயில்ல புதுநன்மைக்குத் தயார் பண்ணினவ நான். இந்தக் காகிதத்தை ஒட்டறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உன் பொண்டாட்டி சம்மதிச்சாளான்னு. என்ன சொன்ன?"

"பெர்னி..."

"அவதான் ரொம்ப ஆசையா இருக்கான்னு சொன்ன. நான் அதை நம்பிப் பதினோரு வீட்டுக்குப் போன் போட்டேன். என் வாயால பதினோரு பொய் சொல்ல வச்சிருக்க." அவள் பலகையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கினாள். குத்தூசி தரையில் தெறித்தது. அதைக் குனிந்து பொறுக்கி ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். இருபது வருடத்தில் அவள் யாரையும் எதிரே நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜெரோம் கொரீனின் கையைத் தொட்டான். "வெளிய போய்ப் பேசுங்களேன். ஆளுங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும் ஜெரோம். நான் எத்தன மணிக்குத் தூங்கி எந்திரிப்பேன்னு தெரிஞ்சவங்கதானே. உனக்கும் தெரியும், இல்ல?"

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

கொரீன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். கர்ட் பின்னாலேயே ஓடினான். கார் நிறுத்துமிடத்தில் மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. விருந்துக்கு வருகிற கார்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் இறங்குகிறவர்கள் இவர்களைப் பார்த்துப் புன்னகைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

"நான் பண்ணது தப்புதான்" என்றான் கர்ட். "ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லு. நான் கேட்டிருந்தா நீ சரின்னு சொல்லியிருப்பியா?"

கொரீன் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

"இன்னைக்கு நாலு மணிக்கே சரின்னு சொல்லத் தயாராயிட்டேன்டா. ஆத்தங்கரைல உக்காந்துக்கிட்டு, நம்ம பொண்ணு சிரிக்கறாளேன்னு, இன்னும் அஞ்சு வருஷம் ராக்கண்ணு முழிச்சா போகுதுன்னு நானே முடிவு பண்ணிட்டு வந்தேன். நானே. நீ கேட்டிருந்தா கிடைச்சிருக்கும். நீ திருடிக்கிட்ட."

கர்ட் ஓர் அடி முன்னே வந்தான். "அப்ப... அதே முடிவுதானே கொரீன். வந்து சேர்ற இடம் ஒண்ணுதானே."

இந்த ஒரு வாக்கியத்தை அவன் சொல்லாமல் இருந்திருந்தால், இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். சொல்லிவிட்டான்.

"ஒண்ணா?" என்றாள் அவள். "நான் நைட் ஷிப்ட் பாக்கறேன்னு நீ எழுதிக் கொடுத்திருக்க. பகல் வேலைக்கு நான் பதினோரு வருஷம் நின்னது உனக்குத் தெரியும். அந்த லெட்டர் வந்த அன்னைக்குக் கேக் வாங்கிட்டு வந்தது நீ. கேக்கையும் வெட்டிட்டு, இங்க போன் போட்டு, அவ பகல்ல தூங்குவா, பெல் அடிக்காதீங்கன்னு சொல்லியிருக்க. எந்த வாயால சொன்ன?"

"ஜெரோம் பொண்டாட்டி சொன்னா, இங்க நைட்டுக்கு எப்பவும் ஆள் தேவைப்படுதாம். உனக்கு வேலைக்குக் கஷ்டம் இருக்காதேன்னு..."

"எனக்கு வேலையும் நீயே பாத்துட்ட."

"அப்படி இல்ல."

"டூசான் வேலைய என்ன பண்ணின?"

அவன் ஈரத்தில் ஊறிய தன் காலணியைப் பார்த்தான். "எழுதிக் கொடுத்துட்டேன். மே கடைசியோட சரி."

கொரீன் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். மணி ஆறே கால். டூசானில் மூன்றே கால். எண்ணை அழுத்தி, அவன் முகத்துக்கு நேரே ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது ரிங்கிலேயே யோலாண்டா எடுத்துவிட்டாள். அவள்தான் அங்கே நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரி.

"கொரீன், உன் போனுக்காகத்தான் உக்காந்திருக்கேன். ஊர் எப்படி இருக்கு?"

"மோசம்னு சொல்ல முடியாது" என்றாள் கொரீன். "யோலாண்டா, நான் வரேன். பகல் ஷிப்ட். எழுதிக்கோ."

"நிஜமாவா? வீட்ல எல்லாரும் சரின்னுட்டாங்களா?"

"நான் சரின்னுட்டேன்."

"போதும்டி. திங்கக்கிழம வந்து கையெழுத்துப் போடு. இங்க ஒருத்தி குதிக்கறா, சத்தம் கேக்குதா?"

கேட்டது. யாரோ கை தட்டினார்கள். கொரீன் போனை அணைத்தாள். பதினொரு வருடம் காத்திருந்த வார்த்தையை இப்படி ஒரு தூறலில், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருத்தனைக் குத்துவதற்காகச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது. அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்துக் கெடுத்துவிட்டான்.

"அப்ப நாங்க?" என்றான் கர்ட்.

"நாங்கன்னா யாரு? நீ இங்க வேலைக்குச் சேர்ந்தாச்சு. வந்து சேரு. பதினோரு வீட்லருந்து சாப்பாடு வரும், பட்டினி கெடக்க மாட்ட. நானும் டெல்லாவும் டூசான்ல இருப்போம்."

"டெல்லா இங்க எவ்வளவு சந்தோஷமா இருந்தான்னு நீ இன்னைக்கு ஆத்துல வந்து பாத்திருக்கணும். அவளுக்கு இங்கதான்..."

"அவளுக்கு ஸ்கூல் அங்க. சிநேகிதங்க அங்க. அவ என் கூடத்தான் வருவா."

"அதை நீ எப்படி முடிவு பண்ணலாம்?"

"நீ பண்ணலாம், நான் பண்ணக் கூடாதா?"

கூடத்தின் பக்கவாட்டுக் கதவு திறந்தே இருந்தது. அதன் படியில் டெல்லா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு காகிதத் தட்டு, மீனும் பியெரோகியும் ஆறிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் யாரோ கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தலைமுடியில் தூறல் படிந்திருந்தது.

"டெல்லா, உள்ள போம்மா" என்றாள் கொரீன். "குளுரும்."

டெல்லா உள்ளே போகவில்லை. படியிறங்கி வந்து ஒரு தட்டை அப்பா கையில் வைத்தாள். இன்னொன்றை அம்மா கையில் வைத்தாள். ஆற்றில் சிரித்த முகம் எங்கே போயிற்றோ, வீட்டில் கதவைச் சாத்துகிற முகம் வந்திருந்தது. ஆனால் இந்த முறை அவள் கதவைச் சாத்தவில்லை.

"அப்பா, ரெண்டு வாரம் முன்னாடி நீ எனக்கு என்னென்ன சாப்பிட ஆகாதுன்னு கேட்ட. பிளேன்ல சாப்பாடு சொல்றதுக்குன்னு சொன்ன. அந்த மஞ்சக் காகிதத்துக்குத்தானா?"

கர்ட் கையிலிருந்த தட்டைப் பார்த்தான்.

"நானும் அதைத்தான் சொல்றேன், கண்ணு" என்று கொரீன் ஆரம்பித்தாள். "பாரு, உன்கிட்டயும் பொய்..."

"நீ பேசாத" என்றாள் டெல்லா. கத்தவில்லை. அம்மாவைப் போலவே குரலை உயர்த்தாமல் பேசினாள். "நீ இப்ப போன்ல என்ன பண்ணின? அவங்க கேட்டாங்கல்ல, வீட்ல எல்லாரும் சரின்னாங்களான்னு. நான் பத்தடி தூரத்துல நிக்கறேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"அது என் வேலை டெல்லா. என் முடிவு."

"வேலை உன்னோடது. 'டெல்லா என் கூட வருவா'ங்கறது?"

கொரீனின் கையில் தட்டு சரிந்தது. பியெரோகி ஒன்று ஈரத் தார்மேல் விழுந்தது. குனிந்து எடுக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"சரி, சொல்லு" என்றாள் கொரீன். தன் குரலே தனக்குப் பிடிக்காமல். "உனக்கு எங்க இருக்கணும்? இங்கயா, அங்கயா?"

டெல்லா கைகள் இரண்டையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள். அம்மாவையும் அப்பாவையும் ஒரே பார்வையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்த ஊரைப் பாத்து முடிவு பண்ண உனக்காவது மூணு நாள் கொடுத்தாங்க, பொய்யோ நிஜமோ. எனக்கு எத்தன நாள்?"

கர்ட் கொரீனைப் பார்த்தான். கொரீன் கர்ட்டைப் பார்த்தாள். டெல்லா இருவரையும் விட்டுவிட்டு நடந்து போய், பெரியப்பாவின் வண்டியில் ஏறி உள்ளிருந்து பூட்டிக்கொண்டாள்.